வியாழன் பதினொரு மணி நிகழ்ச்சி பற்றிச் சம்பந்திக்கு விளக்கம்

என் மரியாதைக்கு என்றும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், தங்கள் சம்பந்தி அம்மாள், தங்கள் மகள், மாப்பிள்ளை ஆகிய நால்வரும் உடல் அளவில் சுகம். தாங்களும் வீட்டில் அம்மாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டே தெரிந்துகொள்ளலாம் என்றால், பதினொரு நாளாக என் அழைப்பைத் தாங்கள் எடுப்பதில்லை. முதல் மூன்று நாள் தங்கள் தொலைபேசி பழுது என்று நினைத்திருந்தேன். நான்காம் நாள் தங்கள் மகள் அதே எண்ணுக்கு அழைத்து "அப்பா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டதும், தாங்கள் "ஆச்சும்மா" என்று கணீரென்று சொன்னதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் காதில் விழுந்தது. தொலைபேசி நன்றாகத்தான் இருக்கிறது.

தாங்கள் எங்கள் சமூக வானொலி நிலையத்துக்கு எழுதிய புகாரை நானும் படித்தேன். நான்கே வரி. முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. "குடும்பத்துக்குள் இருக்க வேண்டியதை ஊருக்கு ஒலிபரப்பும் இந்த நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும்" என்ற கடைசி வரியை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சுத்தமான வாக்கியம். ஆனால் அந்த நிகழ்ச்சியை நடத்துவது என் மனைவி. அதில் போய் வாயைக் கொடுத்தது நான். ஆகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுவது என் கடமை. நடுநடுவே பெருமை அடித்துக்கொள்வது போலத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தோன்றத்தான் செய்யும், ஏனென்றால் பெருமைதான்.

தங்கள் சம்பந்தி அம்மாளைத் தாங்கள் எப்போதும் எங்கள் முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் பின்னால்தான் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் அளவு நாடா, உதட்டு நடுவில் நாலைந்து குண்டூசி. வாயில் ஊசி இருக்கும்போது அவளால் பேச முடியாது. ஆகவே எதிரில் கையை விரித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் பேசியாக வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்த வட்டாரத்தில் யாருக்கு எங்கே இடுப்பு பெருத்தது என்பது மட்டுமல்ல, யார் யாரோடு பேசுவதில்லை, யார் வேலையை விட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

வானொலி நிலையம் என்றதும் தாங்கள் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் மைக்கும் மேசையும், மற்றதில் உடைந்த நாற்காலிகளும் நிலையப் பொறுப்பாளரும். எட்டுக் கிலோமீட்டர் வரைதான் கேட்கும், ஒன்பதாவதில் வெறும் இரைச்சல். ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம் என்பதால் செய்தி வாசிக்கும்போதெல்லாம் நடுவில் ஹாரன் கேட்கும். அதைத் தடுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த கனத்த திரை வேண்டும் என்று இவளை அழைத்திருந்தார்கள். இவள் ஒரு வியாழக்கிழமை காலை ஜன்னலை அளக்கப் போனாள். அன்றைக்கு விருந்தினர் எங்கள் தெருப் பல் டாக்டர். அவர் வந்து உட்கார்ந்துவிட்டார். பேட்டி எடுக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, வெந்நீர்க் குவளையைக் கையில் பிடித்தபடி காற்றில் சைகை காட்டிக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. பொறுப்பாளர் இருபத்தாறு வயதுப் பெண், சுறுசுறுப்பானவள், ஆனால் அவளுக்கு மைக் முன்னால் உட்கார்ந்தால் விக்கல் வரும். அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். ஏணிமேல் நின்றுகொண்டிருந்த என் மனைவிதான் கண்ணில் பட்டாள்.

"அக்கா, அஞ்சு நிமிஷம் டாக்டரை எதாவது கேட்டுட்டிருங்க. நான் ஒரு பாட்டைத் தேடி எடுத்துப் போட்டுடறேன்."

அந்த நேரத்தில் நான் சலூனில் இருந்தேன். பாதி முகத்தில் நுரை. மூலையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. சலூன்காரர் கத்தியை என் தாடையில் வைத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு, "சார், நம்ம டெய்லர் அக்கா குரல் மாதிரி இருக்கே" என்றார். "அவ திரைக்கு அளவெடுக்கப் போயிருக்கா, பேசப் போகல" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டாக்டர், எல்லார் வாயையும் நீங்க பார்க்கறீங்க. உங்க வாயை யாரு பார்க்கறாங்க?"

பல் டாக்டர் சிரித்தார். பிறகு இருமினார். இவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. வாயில் ஊசி இருப்பதுபோலவே காத்திருந்தாள். வானொலியில் ஏழு விநாடி அமைதி என்றால் எவ்வளவு நீளம் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். சலூன்காரர் பெட்டியைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். அப்புறம் டாக்டர் சொன்னார்: "ஒன்பது வருஷமா யாருகிட்டயும் காட்டலம்மா. எனக்கு அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டாலே பயம். அடுத்தவங்க வாய்க்குள்ள போறப்போ ஒண்ணும் தெரியறதில்ல. என் வாய்னு நினைச்சா கை நடுங்குது."

சம்பந்தி, சலூனில் இருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவரிடம் போகப் பயந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் அன்று சாயங்காலமே அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். பயந்தவர் பயந்தவரை நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று நம்பிக்கை. பொறுப்பாளர் பாட்டைக் கண்டுபிடித்துத்தான் வைத்திருந்தாளாம், போடவில்லை. ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாயிற்று. அடுத்த வியாழன் முதல் நிகழ்ச்சி இவளுடையது. தொண்டை கட்டியவர் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார். அவருக்கும் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் என் சிறுமையையும் எழுதிவிடுகிறேன். இரண்டாவது வாரம் நான் வீட்டில் வானொலிப் பெட்டியின் முன் சிவப்புப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தேன். அவள் எங்கெங்கே தவறாகப் பேசுகிறாள் என்று குறித்து வைத்தேன். ஒருமை பன்மை மயக்கம் பதினொன்று, முடிக்காமல் விட்ட வாக்கியம் ஒன்பது, "வந்து" என்று தொடங்கியது இருபத்தொன்று, ஆக மொத்தம் நாற்பத்தொன்று. அவள் வீட்டுக்கு வந்ததும் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "இவ்வளவு கவனமா நீங்க நான் பேசிக் கேட்டதே இல்லையே" என்று சொல்லி, தாளை மடித்து இயந்திரத்தின் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் பிழைகள் இருபது. நான்காவது வாரம் ஆறு. ஐந்தாவது வாரம் தாள் வெறுமையாக இருந்தது. அவள் திருந்திவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். நான் குறிக்க மறந்துபோனேன்.

அந்த ஐந்தாவது வார விருந்தினர் சவ வண்டி ஓட்டுநர். இவரையெல்லாம் ஏன் கூப்பிடுகிறாய், கேட்பவர்கள் பெட்டியை அணைத்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். "அவருக்கு இடுப்பு முப்பத்தி நாலு, ஒரு கால் கொஞ்சம் குட்டை. இருபது வருஷமா பேண்ட் தைக்கறேன், அவர் நாலு வார்த்தை பேசினதில்ல. என்னமோ இருக்கு" என்றாள். அவர் வந்தார். வண்டியை நிலையத்து வாசலில் நிறுத்தியதில் மருந்துக்கடைக்கு அன்று முழுக்க ஒருவரும் வரவில்லை என்பது வேறு கதை. இவள் கேட்டாள், "இந்த வேலையில எது கஷ்டம்?"

"பாரம் கஷ்டமில்லம்மா. அழுகையும் பழகிடுச்சு. ஒரு வீட்லயும் என்னைப் பார்த்து மறுபடி வாங்கன்னு சொன்னதில்ல. சொல்ல முடியாதுதானே. அவங்க மேல தப்பில்ல."

அப்புறம் இவள் சொன்னாள், "எங்க வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. வண்டி மட்டும் வேணாம்."

வந்தார், சம்பந்தி. மனைவியோடும் இரண்டு பெண்களோடும், கையில் பழத்தோடும் வந்தார். தங்கள் மகள்தான் அவர்களுக்குப் பரிமாறினாள். போகும்போது வாசலில் நின்று அவர் "போயிட்டு வரேன்" என்றார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். என் மகன், தங்கள் மாப்பிள்ளை, சாதாரணமாக யாரோடும் ஒட்டாதவன், "கட்டாயம் வாங்க" என்று தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தான். முப்பத்தொரு வருடத்தில் நான் திருத்திய புத்தகங்களை அடுக்கினால் எங்கள் வீட்டுக் கூரையைத் தொடும். அதில் எதைப் படித்தும் ஒருவன் தெருமுனை வரை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று முதல் எனக்கு ஒரே ஆசை. நானும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். நேரடியாகக் கேட்க வெட்கம். "பிழை திருத்துவது பற்றி மக்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். "அச்சுத் துறையிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை போலிருக்கிறது" என்று பேப்பரைப் பார்த்துச் சொல்வேன். எட்டு வாரம் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதாவது வாரம் நேரடியாகவே கேட்டேன்.

"நீங்க வந்தா நான் கேள்வி கேட்கணும், நீங்க பதில் சொல்லணும். முப்பத்தி நாலு வருஷமா வீட்லயே அது நடக்கல" என்றாள்.

ஆனாலும் நான் தயாராகிக்கொண்டேன். "பிழையற்ற வாழ்வு" என்று தலைப்பிட்டுப் பதினொரு பக்கம் எழுதி வைத்தேன். நிகழ்ச்சியின் பதினாறாவது வாரம் விருந்தினர் தண்ணீர் வால்வு திறப்பவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில் என்பதால் வட்டாரமே பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தது. பத்தே முக்காலுக்குப் பெரிய குழாய் ஒன்று உடைந்து அவர் அங்கே ஓடிவிட்டார். பத்து ஐம்பதுக்கு எனக்கு அழைப்பு.

"உடனே கிளம்பி வாங்க. சட்டையை மாத்திட்டு வாங்க."

"வானொலியில சட்டை தெரியாதே?"

"எனக்குத் தெரியும்."

போனேன். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. இவள் தலையில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. என் மனைவி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், அந்த மேசை அவளுக்காகவே செய்ததுபோல இருந்தது. நான் பதினொரு பக்கத்தையும் எடுத்து விரித்தேன். "பேப்பர் சத்தம் மைக்குல கேட்கும்" என்று சொல்லி அதை வாங்கிப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டாள். அந்தக் கணமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதல் கேள்விகள் சுலபமாக இருந்தன. எப்படிப் படிப்பீர்கள், எத்தனை முறை படிப்பீர்கள் என்று கேட்டாள். நான் நன்றாகவே பேசினேன், கொஞ்சம் அதிகமாகவே பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை என் கண்ணுக்குத் தப்பாது என்றேன். தெருப் பலகைகளைக்கூட மனதுக்குள் திருத்திக்கொண்டுதான் நடப்பேன் என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, "உங்க கண்ணுக்குத் தப்பின பெரிய பிழை எது?" என்றாள்.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் கையைக் கையைக் காட்டுகிறாள். ஜன்னல் திரை புதிது, ஒரு ஹாரன்கூட உள்ளே வரவில்லை. எட்டுக் கிலோமீட்டருக்கும் என் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாவது விநாடியில் நான் உடைந்துபோனேன், சம்பந்தி.

"நம்ம பையன் கல்யாணப் பத்திரிகை" என்றேன்.

அவளுக்கே அது தெரியாது. ஏழு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. பத்திரிகையை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம், நானே மூன்று முறை படித்தேன். பெண்ணின் தந்தை என்று தங்கள் பெயரைப் போட்டு அதற்குக் கீழே "ஓய்வுபெற்ற மண்டல மேலாளர்" என்று இருக்க வேண்டும். தங்கள் பதவி எனக்கு மனப்பாடம். மனப்பாடமான வரியைக் கண் படிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. எண்ணூறு பத்திரிகையும் அச்சாகி, தங்கள் பக்கத்துக்கு நானூறு, எங்கள் பக்கத்துக்கு நானூறு என்று பிரித்து, எல்லாம் போய்ச் சேர்ந்து, கல்யாணமும் முடிந்து, மண்டபத்தில் புழுக்கம் தாங்காமல் ஒரு பத்திரிகையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தபோதுதான் என் கண்ணில் பட்டது. "ஓய்வுபெற்ற மண்டை மேலாளர்." ஒரே ஒரு சொல். தாங்கள் அப்போது நாலடி தூரத்தில் நின்று எல்லாரையும் கைகூப்பி வழியனுப்பிக்கொண்டிருந்தீர்கள். நான் அந்தப் பத்திரிகையை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்று தாங்கள் என்னைக் கட்டிப்பிடித்து "உங்களை மாதிரி குறையே இல்லாத மனுஷர் சம்பந்தியா கிடைச்சது எங்க பாக்கியம்" என்று சொன்னபோது, அது என் நெஞ்சுக்கும் தங்கள் நெஞ்சுக்கும் நடுவில்தான் இருந்தது.

இதை அப்படியே மைக்கில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கு உடம்பே லேசானதுபோல இருந்தது. என் மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் பத்திரிகையில உங்க பேருக்குக் கீழ என்ன போட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"முதுநிலைப் பிழை திருத்துநர்."

"என் பேருக்குக் கீழ?"

நான் யோசித்தேன். "ஒண்ணும் போடல" என்றேன்.

"நான் அப்ப என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"தைச்சிட்டிருந்தே."

"மாப்பிள்ளை சட்டை யாரு தைச்சது? உங்க சட்டை? பொண்ணு வீட்ல ஏழு பேருக்கு?"

"நீதான்."

"அப்ப அதுல ரெண்டு பிழை இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சம்பந்தி. ஒரு சட்டையில் இரண்டு பொத்தான் குறைகிறது என்பதைப் போலத்தான் சொன்னாள். "ஒண்ணை நீங்க கண்டுபிடிச்சீங்க. இன்னொண்ணு இப்பதான் தெரியுது. பரவால்ல. வந்ததுக்கு நன்றிங்க" என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டாள்.

நிலையத்துத் தொலைபேசி சாயங்காலம் வரை ஓயவில்லை. பேசியவர்களில் பாதிப் பேர் பெண்கள். அவரவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். பல் டாக்டரின் மனைவி, இருபத்திரண்டு வருடம் மருத்துவமனையில் மருந்து கலந்தவர், தன் மகள் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே டாக்டரின் படிப்பு அச்சாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு டாக்டரிடமே ரிசீவரைக் கொடுத்துவிட்டார். நான் மேசை ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாதி வட்டாரம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, எனக்கோ உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. ஏழு வருடம் நான் கட்டிக் காத்ததை ஒன்பது விநாடியில், ஒரு வார்த்தை பேசாமல் வெளியே எடுத்தவள் என் மனைவி.

ஆனால் அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு அன்றே யார் யார் கைக்கோ போய், தங்கள் தம்பி மகன் வழியாகத் தங்களிடமும் வந்து சேர்ந்துவிட்டது என்று பிறகு தெரிந்துகொண்டேன். தாங்கள் மண்டல மேலாளராக இருந்தபோது எத்தனை பேர் தங்கள் அறைக்குள் நுழையத் தயங்கி நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரை ஊர் சிரிக்கும்படி செய்துவிட்டேன். தங்கள் மகள் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காவது நாள், "மாமா, நீங்க சொன்னது தப்பில்ல. எங்கப்பாகிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

தங்கள் புகார் வந்ததும் நிலையக் குழு கூடியது. தலைவர் மருந்துக்கடைக்காரர். கடிதத்தை உரக்கப் படித்தார். நிகழ்ச்சியை நிறுத்துவதா வேண்டாமா என்று ஐந்து பேரும் ஐந்து விதமாகப் பேசினார்கள். என் மனைவி எழுந்து, "அவர் எழுதினது நியாயம். அவர் இல்லாத இடத்துல அவரைப் பத்திப் பேசினோம். அவர் திருப்தியாகற வரைக்கும் நான் மைக் முன்னால உட்காரல" என்றாள். குழுவில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, நானும்தான். அப்புறம் அவளே சொன்னாள்: "அடுத்த வியாழன் அந்த நாற்காலி அவருக்கு. வந்து எங்க ரெண்டு பேரையும் எவ்வளவு வேணா திட்டட்டும். நான் குறுக்க பேச மாட்டேன். வரலன்னா பாட்டு போட்டுடுங்க." குழு அதை ஒப்புக்கொண்டது.

ஆகவே, சம்பந்தி, இந்தக் கடிதத்தின் நோக்கம் அழைப்பு. வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாங்கள் வர வேண்டும். தாங்கள் வராவிட்டால் நிகழ்ச்சி அன்றோடு நின்றுவிடும். நின்றால் என் மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு தைக்கப் போய்விடுவாள். அதைப் பார்க்க என்னால் முடியாது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பிழை என்னுடையது, மறைத்ததும் நான்தான், தங்களிடம் சொல்லாமல் ஊரிடம் சொன்னதும் நான்தான். மூன்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு பத்திரிகை இணைத்திருக்கிறேன். நேற்று என் பழைய அச்சகத்துக்குப் போய் ஒன்றே ஒன்று அடிக்கச் சொன்னேன். "சார், இது முடிஞ்சுபோன கல்யாணமாச்சே, தேதியை மாத்தணுமா" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதில் தாங்கள் மண்டல மேலாளர். என் மனைவியின் பெயருக்குக் கீழே "தையல் கலைஞர்" என்று இருக்கிறது. எட்டு முறை படித்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் தம்பி மகனுக்கும் என் அன்பு, கொஞ்சம் குறைவாக. எல்லாரும் நீண்ட நாள் நோயின்றி, மனத்தாங்கலும் இன்றி இருக்க வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி உள்ளே வந்தாள். கடிதம் யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். "அவர்கிட்ட நான் காலையிலயே பேசிட்டேனே" என்றாள். நிலையத்துத் தொலைபேசியிலிருந்து அழைத்தாளாம். எண் தெரியாததால் தாங்கள் எடுத்துவிட்டீர்களாம். ஒரு மணி நேரம் பேசினீர்களாம். வியாழக்கிழமை வர ஒப்புக்கொண்டீர்களாம். நான் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் தங்கள் நிபந்தனையாம்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்டு நான் இன்னும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன். பத்திரிகைக் கட்டு தங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அந்தப் பிழையைப் பார்த்துவிட்டீர்களாமே. "பிழை திருத்தறவர் வீட்டுக் கல்யாணம், தெரிஞ்சா மனுஷன் செத்துப் போயிடுவாரு" என்று சொல்லி, தாங்களும் அம்மாவும் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து, நானூறையும் கறுப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினீர்களாமே. ஏழு வருடமாகத் தங்கள் மகளிடம்கூடச் சொன்னதில்லையாமே. "மண்டைன்னு போட்டதுக்கு எனக்கு என்னைக்குமே கோபமில்லம்மா. இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டவரு, என்கிட்ட சொல்லாம மைக்குகிட்ட சொல்லிட்டாரே" என்று தாங்கள் சொன்னபோது குரல் சரியில்லை என்றாள்.

மேலே எழுதிய அத்தனை பக்கத்திலும் நான் எதற்கோ விளக்கம் கொடுத்திருக்கிறேன். வணக்கத்தைத் தவிர வேறு எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். புதிதாக அச்சடித்த பத்திரிகையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். இந்தக் கடிதத்தை நான் அஞ்சலில் சேர்க்கவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். கதவை மட்டும் திறங்கள். வானொலியில் சொன்னதைத் தங்கள் எதிரில் உட்கார்ந்து ஒருமுறை சொல்கிறேன்.